மகா அக்காவுக்கு நான் போட்ட புது சீட்டு

1. முதல் நாள்

டிகிரி முடிச்சிட்டு ஆரணியில ஒரு எலும்பு கிளினிக்ல சேர்ந்தேன். வர்றவங்களுக்கு ஓ.பி. சீட்டு போடணும், ஊசி போடும்போது டாக்டர் பக்கத்துல ட்ரே பிடிக்கணும். அவ்ளோதான் வேலை. முதல் நாளே ஒருத்தரு முழங்கையில எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீக்கத்தோட வந்தாரு. டாக்டர் ஊசி விட்டு நீரை இழுத்தாரு, அதே இடத்துல ஸ்டீராய்டு போட்டாரு. ஆபரேஷன் இல்ல, பத்து நிமிஷம், ஆள் சிரிச்சிகினே போனாரு. செம மேஜிக்னு நினைச்சேன். அந்த நினைப்புதான் தப்பு.

2. மகா அக்கா

குழித்தறி நெய்யறவங்க. நாள் முழுக்க குழிக்குள்ள காலை விட்டு மிதிச்சு மிதிச்சு, வலது குதிகாலுக்குப் பின்னாடி வீங்கிடுச்சு. பர்சைடிஸ், அதாவது எலும்பு பக்கத்துல இருக்கற சின்ன நீர்ப்பை வீங்கறது. ஆபரேஷன் வேணாம், ஊசி போதும்னு வந்தாங்க.

டாக்டர் தெளிவா சொன்னாரு. "அம்மா, டெண்டன், அதான் குதிகாலைப் பிடிச்சிருக்கற தசைநாண், அதுக்குப் பக்கத்துல போடற ஊசி இது. ஒரே தடவைதான், திரும்பப் போட்டா அது நைஞ்சுடும். மரத்துப்போற மருந்தும் கலந்திருக்கு, இன்னிக்கு வலி தெரியாது. தெரியலையேன்னு தறியில உக்காந்துடாதீங்க. ரெண்டு வாரம் ரெஸ்ட்."

"சரிங்க சார்."

அன்னிக்கு சாயங்காலமே உக்காந்துட்டாங்க. எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ஒரு மாசத்துல திரும்பி வந்தாங்க. டாக்டர் லீவு, அவருக்கு பதிலா வேற ஒருத்தரு.

"தம்பி, புது சீட்டு போடுப்பா."

"பழசு இருக்கேக்கா."

"அதைப் பாத்தா ஊசி போட மாட்டாரு. முகூர்த்தப் புடவை பாதியில நிக்குது. கடைக்காரரு ஜல்தி ஜல்தின்னு உயிரை வாங்கிகினு இருக்காரு. நீயும் பேஜார் பண்ணாத."

பின்னாடி பெரிய லைன். போட்டுட்டேன்.

"முன்னாடி ஊசி போட்டிருக்கீங்களா?"னு புது டாக்டர் கேட்டாரு.

"இல்லீங்க."

நான் ட்ரேயைப் பிடிச்சிகினு பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கல.

3. படக்

பத்து நாள் கழிச்சு, புருஷன் தாங்கிப் பிடிக்க, ஆட்டோவுல இருந்து இறங்குனாங்க. எங்க டாக்டர் திரும்ப வந்துட்டாரு.

"மிதிச்சிகினே இருந்தேன் சார். படக்குனு சத்தம். மிதிக் கயிறு அறுந்துடுச்சுன்னு குழிக்குள்ள குனிஞ்சு தேடறேன், எல்லாக் கயிறும் நல்லாத்தான் இருக்குது. எழுந்துக்கப் பாக்கறேன், காலு வரல."

டாக்டர் ஆடுசதையை அழுத்திப் பாத்தாரு. பாதம் அசையவே இல்ல. டெண்டன் அறுந்திருக்கு. கம்ப்யூட்டர்ல ஒரே போன் நம்பருக்கு ரெண்டு சீட்டு.

"யாரு போட்டது?"

"நான்தான் சார்."

திட்டல. திட்டியிருந்தா தேவல.

எந்த ஆபரேஷன் வேணாம்னு ஊசிக்கு வந்தாங்களோ, அதைவிடப் பெரிய ஆபரேஷன் வேலூர்ல பண்ணாங்க. காலு முழுசா திரும்பல. மிதிக்க வலு இல்ல. தறியில இப்ப புருஷன் மட்டும்தான்.

4. கத்துக்கினது

இந்த வேலைக்குப் புதுசா வர்ற ஜூனியர்ஸ், "வலி போச்சா?"னு கேக்காதீங்க. "தறியில உக்காந்தீங்களா?"னு கேளுங்க. நான் இப்ப தினமும் கேக்கறேன். எல்லாரும் "இல்லப்பா"ன்றாங்க. தலைமுடியில பட்டு நூல் ஒட்டிகினு இருக்கும்.

போன வாரம் மகா அக்கா குச்சி ஊனிகினு ரிவ்யூக்கு வந்தாங்க. என்னால நிமிந்து பாக்க முடியல.

"மூஞ்சிய ஏன்டா அப்படி வெச்சிருக்க? நான்தான கேட்டேன். நல்ல ஊசிப்பா அது. பத்து நாளு வலியே தெரியல."

சீட்டு போட்டேன். பழைய சீட்டு நம்பர்லயே.