பிறந்த வீட்டுக் கோடி

மாலதி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் பெரம்பலூரில் மகள் வீட்டில் இருந்தேன். மாலதியின் கணவர் பிரகாஷ்தான் போனில் பேசினார். "காலையில நெஞ்சு வலின்னா அண்ணே. அவ்வளவுதான். சீக்கிரம் வாங்க." அழுகைக்கு முன் எனக்குப் பதற்றம்தான் வந்தது. ஜவுளிக்கடைக்கு ஓடி ஒரு புடவை எடுத்துக்கொண்டுதான் அரியலூர் பஸ் ஏறினேன்.

சிமெண்ட் ஆலை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த கணவரோடு எங்கள் தெருவுக்குக் குடிவந்தவள் மாலதி. ஆலை கேண்டீனில் அவள் சமையல், நான் ஸ்டோர். வந்த புதிதில் ரசத்தைக் கடுகெண்ணெயில் தாளித்து எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு அதே ஆட்கள் அவள் ரசத்துக்கு வரிசையில் நின்றது அங்கே சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் பொங்கலுக்குப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரும். அதைப் பார்த்தவள் ஒரு வருடம் தானே கரும்பு வாங்கிவந்து வாசலில் சாத்திவிட்டு, "அண்ணன் அனுப்புனாரு" என்று தெருவெல்லாம் சொன்னாள். சீர்க்கரும்பு ஜோடியாகத்தான் வரும். இவள் வாங்கியது ஒன்று. தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு அண்ணனே கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த பொங்கலுக்கு இரண்டு கரும்போடு நானே போய் நின்றேன்.

"என்ன அண்ணே இது?"

"சீர். பேசாம வாங்கி வை."

அந்த ஆவணிப் பௌர்ணமிக்கு அண்ணனுக்குக் கட்டும் ராக்கி என்று என் கையில் சிவப்புக் கயிறு கட்டினாள். "அது உங்க ஊரு வழக்கம். இது எங்க ஊரு வழக்கம்." கேண்டீனில் கிண்டல் தாங்க முடியவில்லை. இருந்தாலும் கழற்றவில்லை.

பிறகு தெருவில் ஒரு பெண் இறந்தாள். பிறந்த வீட்டிலிருந்து கோடி, அதாவது புதுப்புடவை, வந்து போர்த்திய பிறகுதான் தூக்கினார்கள். மறுநாள் மாலதி ஸ்டோருக்கு வந்து நின்றாள். "அண்ணே, எனக்கு யாரு போடுவா? அது இல்லாம போனா நான் இங்க யாருமில்லாதவதான?"

"என்னைவிடச் சின்னவ பேசுற பேச்சா இது? நான் போடுறேன், போ" என்று திட்டி அனுப்பினேன்.

பஸ்ஸில் எனக்கு அந்த ஒரே பயம்தான். நான் போவதற்குள் தூக்கிவிட்டால்?

பந்தலுக்குள் நுழையும்போது தெருப் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். "பொறந்த வூட்டுக் கோடி யாருப்பா?"

நான் பையைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு செல்வராணி புடவையோடு எழுந்தாள். "நாங்கதாங்க. எங்கிட்ட வாக்கு வாங்கியிருக்கா."

"எங்கிட்டயும்தாங்க கேட்டாங்க" என்று பக்கத்து வீட்டு பாத்திமாவும் ஒரு புடவையை நீட்டினார். லெப்பைக்குடிக்காட்டில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழவந்தவர்.

பெரியவர் என் கையிலிருந்த புடவையைப் பார்த்தார். "உங்ககிட்டயுமா?"

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிரகாஷ்கூடச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கெட்டிக்காரி, ஒருவனை நம்பி அவள் இருக்கவில்லை. மூன்று கோடியும் போர்த்திப் பிறந்த வீட்டுப் பெண்ணாகவே அனுப்பினோம்.

அவள் கட்டிய கயிறு நைந்துபோய் இன்னும் என் கையில் இருக்கிறது. பாத்திமா இப்போது என்னை சார் என்று கூப்பிடுவதில்லை. அண்ணே என்கிறார்.