நடுவிலிருந்து ஒரு பிடி

“மொதப் பாடம் வேணாம். ஆறாவதைப் போடுங்க. அதுலயும் நடுவுல” என்றாள் சுந்தராம்பாள், கம்பெனிக்காரர் மடிக்கணினியைத் திறக்கும் முன்பே.

அருப்புக்கோட்டையில் மல்லி, வத்தல் வியாபாரம் செய்த குடும்பம். மூட்டையின் வாயில் இருப்பதை அவர்கள் சரக்கென்று மதிப்பதில்லை; முழங்கை வரை விட்டு நடுவிலிருந்து அள்ளிப் பார்ப்பார்கள். வணிகவியல் பேராசிரியை ஆகியும் இவளுக்கு அந்தக் கை மாறவில்லை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையை விட்டுவிட்டு, நடுவில் உட்கார்ந்திருந்த அவருடைய சித்தப்பாவை விசாரித்தாள் என்றொரு கதை உண்டு. அதில் பாதி, அவளோடு வேலை பார்க்கும் நான் கட்டியது.

பல்கலைக்கழகம் ஓர் ஆன்லைன் கம்பெனியோடு கைகோத்திருக்கிறது. அதன் பாடங்களைக் கல்லூரியில் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்கு ஆசிரியர் குழு. அதில் இவளும் ஒருத்தி. மற்றவர்கள் முதல் வீடியோவின் இசையிலேயே சொக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பாக்கி இவள்தான். கணக்கியல் வீடியோ வந்துவிட்டால், அந்தப் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர் காளீஸ்வரிக்கு வேலை இராது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவள் முதல்வர் அறை வாசலிலேயே நின்றாள். குழுவில் அவளுக்கு இடமில்லை.

ஆறாம் பாடத்தின் நடுவில், தேய்மானத்தை விளக்கிக்கொண்டிருந்த வீடியோ வாத்தியார் போனை எடுத்துக் காதில் வைத்தார். “ரெண்டு முருங்கக்கா போதும்ல? கிளாஸுதான். யாரு பாக்கப் போறா, நீ சொல்லு.” குழம்பு முடிவானதும் மறுபடி தேய்மானத்துக்கு வந்தார்.

கம்பெனிக்காரர் சட்டென்று வீடியோவை நிறுத்தினார். அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றார். எத்தனையோ கல்லூரிகளில் இதே பாடம் ஓடுகிறது, ஒரு புகாரும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

“ஓடுது, சரி. பாக்கத்தான் ஆளில்ல” என்றாள் சுந்தராம்பாள்.

முதல்வர் நவநீதகிருஷ்ணன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். வெட்டித் தருகிறார்களாம், போட்டுவிடலாமே என்றார்.

“சார், நீங்க பாத்தீகளா?”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். கடைசியில், இந்த வருஷம் கணக்கியல் பழையபடியே வகுப்பில் நடக்கட்டும், வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம் என்றார்.

“பாக்குறதுக்குப் பாடம் தெரிஞ்ச ஆளு வேணும்ல” என்ற சுந்தராம்பாள், வாசலில் நின்ற காளீஸ்வரியைப் பார்த்துக்கொண்டே பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.