எரிச்சலுக்குக் கத்தரித்துக் கொடுத்த மாத்திரை

காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள் நாங்கள் காலையில் தண்ணீரே குடிக்க மாட்டோம். எஸ்டேட்டில் ஒதுங்க இடம் கிடையாது. செடி மறைவில் உட்காரலாமென்றால் மேஸ்திரி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்? அடக்கி அடக்கி எனக்கு நீர்க்கடுப்பு வந்தது.

நாகலூரிலிருந்து பஸ் ஏறி ஏற்காட்டு மருந்துக்கடைக்குப் போவேன். கடைக்காரரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வெளியே சொல்லக் கூசுகிற வியாதி. அவரிடம் மட்டும் வாய் வந்தது. அட்டையில் நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார்.

"எரிச்சல் நின்னா நிறுத்திக்க கண்ணு. டாக்டரு, டெஸ்ட்டுன்னு நீ எதுக்கு அலையோணும்? நானிருக்கறேன்ல."

கூடப் பிறந்தவன்கூட அப்படிச் சொன்னதில்லை. நம்பினேன்.

எரிச்சல் நிற்கும், மறுபடி வரும். மறுபடி அதே மாத்திரை. இந்த வருஷப் பறிப்பில் இடுப்பு விண்ணென்று தெறித்து, குளிர்காய்ச்சலில் நடுங்கியவளை வீட்டுக்காரர் சேலத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே சிறுநீரில் இருந்த கிருமியை வளர்த்து, மருந்து மருந்தாக வைத்துப் பார்த்தார்கள்.

"ஏம்மா, நீ தின்ன மாத்திரையைச் சுத்தியே கிருமி செழிப்பா வளந்திருக்கு. அது இனிமே உனக்குக் கேக்காது. மத்த மாத்திரையும் கேக்கல, ஊசி மட்டுந்தான் கேக்குது," என்றார் டாக்டரம்மா. "அரைகுறையாத் தின்னு கிருமியைப் பழக்கி விட்டுட்டே. கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு."

அப்போதுகூட அண்ணன்மேல் கோபம் வரவில்லை. பாவம், அவர் என்ன டாக்டருக்கா படித்தார், தெரியாமல் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஊசிக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அந்தக் கடைக்காரரின் மனைவி; கடையில் பார்த்திருக்கிறேன். கையில் சிறுநீர் டப்பா. நீர்க்கடுப்பு முற்றி எனக்கு ஊசி போடுவதைச் சொன்னேன். அவருக்கும் நீர்க்கடுப்பாம்.

"ஒரு மாத்திரை குடுங்கன்னு கெஞ்சுனனுங்க. எங்கூட்டுக்காரரு நொம்பக் கண்டிப்புங்க. எந்த மருந்து கேக்குதுன்னு டெஸ்ட் பண்ணாம வாயில வெக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டாரு. கண்டதைத் தின்னா கிருமி பழகிக்குமாமுங்க."

அடப்பாவி! தெரிந்தேதான் கத்தரித்திருக்கிறான். பெண்டாட்டிக்கு டெஸ்ட்; எனக்குக் 'கண்ணு' என்று ஒரு வார்த்தை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு ஏனுங்க இப்படி முத்திப்போச்சு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"உங்கூட்டுக்காரரைக் கேளுங்க, அவருக்கு எல்லாந் தெரியுமுங்க," என்றேன்.

அவர் பெருமையாகத் தலையாட்டினார்.