தார் ரோட்டிலேயே போனோம்

எங்கள் நைனா தார் போட்ட ரோட்டை விட்டு வண்டியை இறக்கமாட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ராயபுரத்தில் எங்கள் வீடு. மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு ஐஸ் கட்டி ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி ஒன்று அவருக்குச் சொந்தமாக இருந்தது. போகிற வழியில் குறுக்கே ஒரு மண் பாதை இருந்தால் ஊரெல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். இவர் மட்டும் சுற்றிக்கொண்டு வருவார். கல்யாண வீடுகளுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் மோரும் அப்பளமும்தான் மிச்சமிருக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, அவருக்கு ‘தாரு’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார். நைனா அதற்கும் சிரித்துக்கொள்வார்.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. மீஞ்சூரில் மாமா வீட்டில் இருந்த தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு வாரமாகப் படுக்கையில் கிடந்தார். ஒரு சனிக்கிழமை மதியம் மாமி போன் செய்தார். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். தாத்தா கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அம்மாவைத்தான் கேட்கிறாராம். வாசலில் வண்டி நிற்கும்போது ரயிலுக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று உடனே கிளம்பினோம். முன் சீட்டில் அம்மா, மடியில் மூன்று வயதுத் தம்பி, அம்மாவுக்கும் நைனாவுக்கும் நடுவில் நான்.

எண்ணூர் பாலம் தாண்டும்வரை நன்றாகத்தான் போனோம். அதற்கு அப்பால் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர்கள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் தன் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் பற்றவைத்துக் குழம்பு கொதிக்க விட்டிருந்தார். அதைப் பார்த்ததும் நைனா எஞ்சினை அணைத்துவிட்டார்.

ரோட்டை ஒட்டி ஆற்றங்கரை வரைக்கும் சாம்பல் வெளி. அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீரோடு கலந்து வருஷக்கணக்காகப் படிந்த இடம். ஒரு மரம் கிடையாது, ஒரு புல் கிடையாது. வெயிலில் காய்ந்து, சிமெண்ட் தரை மாதிரி வெளுத்துக் கிடந்தது. காற்றடித்தால் புழுதி எழும்பிக் கண்ணை மறைக்கும். அதன் நடுவே பைக்குகள் போய்ப் போய் ஒரு தடம் விழுந்திருந்தது. அந்தத் தடத்தில் போனால் பாதி தூரம் மிச்சம்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்தத் தடத்திலிருந்து ஒரு பைக் ரோட்டில் ஏறியது. மாமாதான். எங்களைத் தேடி வந்திருந்தார். அக்கா புருஷன் என்பதால் அவரும் நைனாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“இன்னா மாமா, இங்கயே குந்திகினு கீறீங்க? ரயில்வே கேட்டு வரிக்கும் ட்ரெய்லருதான். இப்போதிக்கு நவுறாது. வண்டிய எறக்குங்க, நா முன்னால போறேன்.”

“புள்ளைங்க கீது மச்சான்,” என்றார் நைனா.

“இப்பதான இதுல வந்தேன். டயரப் பாரு, ஈரமே இல்ல.”

நைனா இறங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிஜமாகவே அந்த டயரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ ஒண்டியா வந்தே. என் வண்டி எட வேற.”

“அப்போ அக்காவ மட்டும் அனுப்பு.”

அம்மா ஏற்கனவே இறங்கியிருந்தாள். தம்பியை என் மடியில் வைத்துவிட்டு, புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பைக்கின் பின்பக்கம் ஒரு காலை வைத்தாள். எனக்கும் அவளோடு போக ஆசையாக இருந்தது. நைனா வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வாணாம்.”

“எங்கப்பா அங்க செத்துகினு கீறாரு,” என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை.

“தெரியும். மேல காஞ்சி கீது. உள்ள இன்னா கீதுன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாணாம்.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வண்டிக்குள் இருந்த எங்கள் இருவரையும் பார்த்தாள். காலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“எங்கப்பா அக்காவத்தான் தேடிகினு கீறாரு. நீ அது கைய நல்லா கெட்டியா புட்சிக்கோ,” என்று நைனாவிடம் சொல்லிவிட்டு மாமா பைக்கை உதைத்தார். அந்தக் கோபத்தில் வந்த தடத்தைக்கூடப் பார்க்காமல், இன்னும் குறுக்கே விரட்டினார். கொஞ்ச தூரம் போனதும் புழுதி அவரை மூடிவிட்டது. நான் அந்தப் புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமா தைரியசாலி என்றும், என் நைனா பயந்தாங்கொள்ளி என்றும் அன்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

நாங்கள் கால் கிலோமீட்டர் நகர்ந்திருப்போம். மறுபடி மாமிதான் போன் செய்தார். அம்மா கேட்டுக்கொண்டாள். “ம்” என்றாள். போனை மடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். நைனா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த கன்டெய்னரின் கதவில் எழுதியிருந்த நம்பர்களை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

இருட்டுவதற்குச் சற்று முன் மீஞ்சூர் போய்ச் சேர்ந்தோம். தாத்தாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலடியில் மாமா, குளித்த ஈரத் தலையோடு, லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா தாத்தாவின் மார்பில் முகம் வைத்து அழுதாள். வந்திருந்த பெண்களில் ஒருத்தி, “ஏம்மா இவ்ளோ நேரம்?” என்று கேட்டாள். நான் சொன்னேன்.

“மாமா வந்து கூப்ட்டாரு. நைனாதான் அனுப்பல. மாமா கூட வந்துருந்தா அம்மா தாத்தாவ பாத்துருக்கும்.”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் நைனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவோரம் நின்றிருந்தார்.

“ஆமா,” என்றார்.

மாமா தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வந்ததும் அம்மா கால் கழுவப் பின்பக்கம் போனாள். நான் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருட்டி எறிந்திருந்த ஒரு பேண்ட் அவள் கண்ணில் பட்டது. எடுத்துப் பிரித்தாள். இடுப்புப் பட்டி வரைக்கும் சாம்பல் சேறு காய்ந்து, அட்டை மாதிரி விறைத்திருந்தது. பிறகு மாமாவைக் கூப்பிட்டாள்.

“இன்னாடா இது?”

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “பாதில வண்டி எறங்கிச்சுக்கா. நானும் எறங்கிட்டேன். அசைய அசைய உள்ள இஸ்துச்சு. நா கத்துனது கேட்டு, ஆத்துல எறால் புடிக்கிறவங்க வந்து, பலக போட்டு இஸ்தாங்க. நா வூட்டுக்கு வந்தப்போ அப்பா இல்ல. நானும் பாக்கல.”

அம்மா பேண்டைத் தொட்டியில் போட்டாள். “நேத்து புள்ள அப்டி சொல்ச்சே. நீ ஏன் வாய தொறக்கல?”

மாமா தொட்டிக்குள் கையை விட்டு அந்தப் பேண்டைத் தண்ணீரில் அமுக்கினார்.

அம்மா போய் நைனாவிடம் சொன்னாள். நான் பின்னாலேயே போனேன். இப்போது நைனா மாமாவைக் கூப்பிட்டு நான்கு பேர் முன்னால் கேட்கப்போகிறார், என்னையும் கேட்கப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். நைனா மாமாவிடம் இரண்டு கேள்விதான் கேட்டார்.

“அடி கிடி பட்ச்சா?”

“இல்ல மாமா.”

“வண்டி எங்க கீது?”

ஆற்றோரத்து டீக்கடையில் போட்டிருக்கிறது என்று தெரிந்ததும் குட்டியானையை எடுத்துக்கொண்டு போய், பைக்கை ஏற்றி வந்தார். உட்கார்ந்து சங்கிலியில் இருந்த சாம்பலை ஒரு குச்சியால் நோண்டி எடுத்தார். நான் சொன்னது தப்பு என்று ஆகிவிட்ட பிறகும் என்னைத் திட்டாமல் இருக்கிறாரே, இவருக்கு ரோஷமே கிடையாதா என்று நினைத்தேன்.

சாயங்காலம் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரோட்டில் ஒரு ட்ரெய்லர்கூட இல்லை. முந்தின நாள் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்த இடமெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் கடந்து போனது. எண்ணூர் பாலம் இதோ என்று எதிரே தெரிந்தது. வண்டிக்குள் யாரும் பேசாமல் இருந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நைனாவிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“இன்னிக்கு எவ்ளோ சீக்கிரம் வந்துட்டோம் பாத்தியா நைனா,” என்றேன்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் போய், தார் முடிந்து சாம்பல் தொடங்கும் விளிம்பில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். நேரமாகிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவில்லை. தம்பி, “நைனா ஏன் நிக்குது?” என்று கேட்டான்.

“வண்டி சூடாயிச்சு,” என்றாள் அம்மா.

குட்டியானைக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான். நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு சூடாக ஒன்றும் இல்லை. அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் தம்பியை என் மடியில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, நைனாவை நோக்கி நடந்தாள்.