வயிற்றை இறுக்கிக்கொண்டு படுத்தவன்

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டை சுமந்த காலத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எண்பதுகளில் ஒருநாள் வேலை நடுவே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். ரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் இறுகிப்போயிருக்கிறதா என்று பார்க்காமல் மூட்டையைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மூட்டையைத் தொடாவிட்டால் வீட்டில் உலை ஏது? எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

மறுவாரம் அந்தச் சோதனைக்காக மனைவியோடு எறணாகுளத்துக்குப் படகேறினேன். "அங்க போயி டாக்டர்கிட்ட சண்டைக்கு நிக்காதீங்க, மனசிலாச்சா?" என்று அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்போது ஸ்கேன் மெஷின் புதிது. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்து அழுத்தினார் அதே இளம் டாக்டர். ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் படமாகக் காட்டுமாம். இதயம் துடிக்கும்போதெல்லாம் குழாய் விரிந்து சுருங்க வேண்டும். எவ்வளவு விரிகிறது என்று அளந்து, கையில் கட்டிய பட்டை காட்டும் அழுத்தத்தோடு சேர்த்துப் பார்த்தால் இறுக்கம் தெரிந்துவிடும் என்றார்.

"சேட்டா, வயிறு இறுக்க வேண்டா. லூசா விடணும்."

விட்டுத்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன். முதுகில் மூட்டை ஏறப்போகிறது என்றால் மூச்சைப் பிடித்து வயிற்றைக் கல்லாக்கிக்கொள்வது எங்கள் வழக்கம்; இல்லையென்றால் இடுப்பு போய்விடும். யாராவது மேலே கை வைத்தாலே என் உடம்பு தானாக அதைச் செய்தது. படமும் தெளியவில்லை, அழுத்தமும் இறங்கவில்லை.

"விரியறதா காணல்லையே" என்று அவர் முணுமுணுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க மெஷின்தான் கேடாயிருக்கும்! என்னை ஏன் குத்தம் சொல்றீங்க?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. குழாய் இறுகிவிட்டது என்று எழுதி அனுப்பியிருந்தால் அவரை யார் கேட்கப்போகிறார்கள்?

அவர் கோபிக்கவில்லை. "சேட்டன் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கணும்" என்று விளக்கை அணைத்து, விசிறியைச் சுழலவிட்டு வெளியே போனார். ஒரு வாரமாகக் கவலையில் சரியாகத் தூங்காதவன் நான். கண் எப்போது செருகியது என்றே தெரியாது.

விழித்தபோது வயிற்றில் மறுபடி பசை இருந்தது. தூங்கும்போதே அளந்து முடித்திருந்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் விரிவதை நானே பார்த்தேன்.

"குழாய் நல்லாயிருக்கு. மருந்து முடக்காதே விடாம சாப்பிடணும், உப்பு குறைக்கணும். பிரஷர் இறங்கினா மூட்டை எடுக்கலாம்."

திரும்பும் படகில் மனைவி, "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று சிரித்தாள். பிறகு வெளியே நடந்ததைச் சொன்னாள். காத்திருந்த கூட்டம் பொறுமையிழந்து, ஒருவர் கதவைத் தட்டப் போயிருக்கிறார். டாக்டர் வாசலை மறித்து நின்று, "பதுக்கெ, மெதுவாப் பேசுங்க. உள்ளே ஓராள் உறங்குது" என்றாராம்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். பஜாரில் நாங்கள் கண்ணயர்ந்தால் காலால் தட்டித்தான் எழுப்புவார்கள். நான் தூங்குகிறேன் என்பதற்காக ஒருவர் வாசலில் காவல் நின்றது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான்.