மாரியம்மாள் மீட்டுத் தந்த என் சிறுநீரகம்

மதுரை ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு நாளாகச் சிறுநீர் இறங்கவில்லை. முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. அவர் உடம்பில் இருந்தது என் சிறுநீரகம். 2003இல் நான் கொடுத்தது. அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

நாங்கள் தேவாரம் ஊர்க்காரர்கள். பிழைத்து வந்தவர், நேர்த்திக்கடனாகச் சித்திரையில் மாரியம்மாளுக்குத் தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டினார். அதுவரை சரி. அவர் தினமும் போடும் மாத்திரையின் கேப்சூல் தோல் மாட்டெலும்பில் செய்வது என்று யாரோ என் மாமியார் காதில் ஓதிவிட்டார்கள்.

"வெரதத்துல கவுச்சி ஆகாதுய்யா. எல்லாம் ஆத்தா பாத்துக்கிருவா" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்.

வைத்த சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்க, அந்த மாத்திரையை ஆயுசுக்கும் போட வேண்டும், ஒரு வேளை தப்பக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவரோ வேளாவேளைக்கு அட்டையை உரித்து, எனக்குத் தெரியாமல் சாக்கடையில் போட்டிருக்கிறார். காலி அட்டையைப் பார்த்து நான் நிம்மதியாகத் தூங்கினேன், பைத்தியக்காரி. சட்டியை இறக்கிய மறுநாள் கால் வீங்கியது.

"ஊசி போட்டுப் பார்க்கிறோம். கேட்டால் உண்டு" என்றார் டாக்டர். மாமியார் என் கையைப் பிடித்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒனக்குத்தான் இன்னொண்ணு இருக்குல்லத்தா? அதையும் குடுத்துரு."

கையை உதறிவிட்டு எழுந்தேன். வராந்தாவில் உட்கார்ந்து மாரியம்மாளிடம் சண்டைக்கே போனேன். "ஆத்தா, ஒம் பேரச் சொல்லித்தான மாத்திரையத் தூக்கிப் போட்டாக. ஒம் பேரு கெடக் கூடாதுன்னா அவுகள ஒண்ணுக்குப் போக வையி." வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

விடியும்போது கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் மஞ்சளாக நாலு சொட்டு. பிறகு கால் பை. பாலாபிஷேகம் பார்த்த மாதிரி கும்பிட்டு அழுதேன். நர்ஸ் சிரித்தார். சிரிக்கட்டுமே.

ஆனால் கெட்டுப்போன பாதி கெட்டதுதான், திரும்பாது என்றார் டாக்டர். இப்போது நானே திருநீற்றோடு மாத்திரையும் கொடுக்கிறேன். வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்க்கிறேன். அவர் கண் கலங்குவார். எனக்கு இரக்கம் வருவதில்லை. மறுவருடம் மாமியார் காப்புக் கயிற்றோடு வந்தார். "மொதல்ல மாத்திரை, பெறகுதான் கயிறு அத்தை" என்றேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அதுவும் தாயின் அருள்தான்.

அவளை நம்புங்கள். கேட்டால் தருவாள். தந்ததைச் சாக்கடையில் போட்டுவிட்டு மறுபடி கையேந்தாதீர்கள். என்னிடம் இனி ஒன்றுதான் இருக்கிறது.