பதினொன்று இருபத்தொன்பது

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு மாமா எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். அம்மாவின் தம்பி அவர். கையில் ஒரு துணிப்பை.

“அக்கா, மாவு நிறுக்கிற தராசைக் கொஞ்சம் எடு.”

“கிரீஸ் பட்டா நீதான் கழுவித் தரணும்,” என்று அம்மா எடுத்து வைத்தாள்.

சைக்கிளிலிருந்து கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். மணி, கருவிப் பை, சின்ன காற்றுப் பம்ப். நான் எண்ணைப் படித்தேன். ஐந்நூற்றுப் பத்து கிராம்.

“அரைக் கிலோ போச்சு,” என்றார் திருப்தியாக.

“தொப்பையைக் கழட்டி வைடா, அஞ்சு கிலோ போகும்.”

கடைசியாக, வாங்கி வைத்திருந்த புதுப் பிரேக் கட்டைகளை நிறுத்தார். பழையவற்றையும் நிறுத்தார். புதியவற்றைப் பைக்குள் போட்டார்.

“இது பதினஞ்சு கிராம் கூட. பழசே இருக்கட்டும்.”

“பழசு தேஞ்சு தகடாயிடுச்சே மாமா,” என்றேன்.

“ஏறப் போறவனுக்கு பிரேக் எதுக்கும்மா?”

“மேல போனா திரும்பி வர வேண்டாமா?” என்றாள் அம்மா.

“அதுக்குத்தான் வேன் இருக்கே. மூணு வருஷமா அதுலதானே இறங்கி வர்றேன்.”

“ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ஒரு பட்டனை அமுக்கி மேல அனுப்புற. உனக்குன்னு ஒரு பட்டன் இல்லாமப் போச்சு.”

மூவரும் சிரித்தோம்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு, டார்ச் வெளிச்சத்தில் இரும்புக் கயிறுகளைத் தடவிப் பார்ப்பது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. லிஃப்ட்டில் பிரேக் லைனிங் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் கதவில் ‘இயங்காது’ பலகையை மாட்டிவிடுவார். பத்தாவது மாடிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினாலும் புது லைனிங் வரும்வரை பலகை இறங்காது.

நாற்பது வயதில், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதால் சைக்கிள் வாங்கினார். அடுத்த வருடமே மலைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். பதினெட்டு கிலோமீட்டர் ஏற்றம். முதலில் தார், பிறகு ஜல்லி, கடைசியில் வேரும் கல்லுமான காட்டுப் பாதை. உச்சியில் செல்போன் கோபுரத்தடியில் ஒரு மேசையும் கடிகாரமும் இருக்கும். பதினொன்றரை ஆனதும் பாதையின் குறுக்கே கயிறு கட்டுவார்கள். அதற்குள் வந்தவர்கள்தான் மறுபக்கம் இறங்கிப் பந்தயத்தை முடிக்கலாம். மற்றவர்களின் நம்பர் அட்டையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு வேனில் ஏற்றிவிடுவார்கள்.

மாமாவின் அட்டை மூன்று முறை நறுக்கப்பட்டது. முதல் வருடம் இருபது நிமிடத் தாமதம், அடுத்து ஒன்பது, அதற்கடுத்து நான்கு. வேலையிடத்தில் அவருக்குப் ‘பாதிமலை’ என்று பெயர் விழுந்தது. “பாதிமலை, அந்த ஸ்பேனரை எடு.” முதலில் முறைத்தார். பிறகு அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அதுதான் அவரை அரித்தது என்று அத்தை சொல்வாள். விடியற்காலையில் ஏறிப் பழகுவார். ஏற்றம் மட்டும்தான் பழகினார். அந்த மலையின் மறுபக்கத்தை அவர் பார்த்ததே இல்லை.

நான்காவது வருடம் அமைப்பாளர்கள் என்னை உச்சி மேசையில் உட்கார வைத்தார்கள். பந்தயக்காரர்கள் பேசும் இரண்டு மொழியும் எனக்கு வரும். வருகிறவர்களுக்கு இறக்கத்தின் அபாயங்களை அவரவர் மொழியில் சொல்லி, நேரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடைசி வரியில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: எண் 214, 11.29. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

இறக்கத்தின் மூன்றாவது வளைவில் மாமாவுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. வளைவுக்கு அப்பால் கற்சரிவு. முதலுதவிக்காரர்கள் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. முதுகெலும்பு முறிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்வில்லை.

அமைப்பாளர்கள் விசாரித்தார்கள். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். எல்லாம் விதிப்படி இருந்தது.

மாமாவின் வீடு மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக, கூட வேலை பார்த்த நான்கு பேர் வந்து நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்குகிறார்கள். திருப்பங்களில் நாற்காலி சுவரில் இடிக்கும்போது, “மெதுவா அண்ணே, மெதுவா,” என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். யாரும் இப்போது அவரைப் பாதிமலை என்று கூப்பிடுவதில்லை.

நான் போகும்போதெல்லாம் அத்தை துணி மடித்தபடி அதையேதான் சொல்கிறாள்.

“ரெண்டு நிமிஷம் லேட்டாப் போயிருந்தா நிறுத்தியிருப்பாங்க. நீதானே அங்க இருந்த, நீயே நிறுத்தியிருப்ப. இல்லையாம்மா?”

நான் தலையாட்டுவேன். மாமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று மேசையில் நான் மட்டும்தான் இருந்தேன். கயிறு கட்ட வேண்டியவர், தசை பிடித்துக்கொண்ட ஒருவருக்குக் கால் நீவிவிட வேன் பக்கம் போயிருந்தார். கயிறு தரையில் சுருண்டு கிடந்தது. மாமா வந்து காலை ஊன்றியபோது கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தொன்று. என்னைப் பார்க்கும் முன் அவர் அதைப் பார்த்தார். உதட்டோரம் எச்சில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. பேசுவதற்கு மூச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இருபத்தொம்பதுன்னு போடும்மா,” என்றார். “ஒரே ஒரு தடவை இறங்கிப் பாத்துடுறேன்.”